அப்பாவின் விரல் பட்ட பெயர்

அப்பா குளித்துவிட்டு வந்தாலும் அவர் விரல்களிலிருந்து எண்ணெய் வாசம் போகாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் சரக்குப் பெட்டிகளின் சக்கரங்களுக்கு எண்ணெய் போடுவது அவர் வேலை; சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கறுப்பு தங்கியே இருக்கும். சோற்றிலும் அந்த வாசம் அடிக்கிறது என்று, அவர் ஊட்ட வந்தால் சின்ன வயதில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேனாம். அந்த விரலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய கதை. எங்கள் குவாட்டர்ஸ் பக்கத்திலிருந்த சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க, டவுனில் பாதிரிமார் நடத்திய பெரிய பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். தேறினவன் 'கிராணி' ஆகி மேசைக்கு முன்னால் உட்காருவான், தேறாதவன் எண்ணெய் டப்பாவைத் தூக்குவான் என்பதுதான் எங்கள் வரிசை வீடுகளில் பேச்சு. அடுத்த வீட்டு சாமுவேல் மாமா அப்படி ஒரு கிராணி, கிள்ளான் ஸ்டேஷனில் வேலை. மெதடிஸ்ட் கோவிலுக்குப் போகிறவர். இரண்டு வருஷமாகச் சாயங்காலம் தோறும் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்.

பரீட்சை நெருங்க நெருங்க, அதை எழுதப்போவது அப்பாவும் அம்மாவும்தான் என்று தோன்றும். நான் தேறும்வரை உப்பில்லாமல் சாப்பிடுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். அம்மி சத்தம் எனக்குத் தொந்தரவாக இருக்குமென்று சாமுவேல் மாமா வீட்டுக்குப் போய் மிளகாய் அரைத்துக்கொண்டு வருவாள். அப்பாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். உதடு அசைந்தால் பிள்ளை படிக்கிறான். நின்றால் மெதுவாகத் தொண்டையைச் செருமுவார். இதைக் கண்டுபிடித்த நான், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கப் பழகிக்கொண்டேன். அப்பா திருப்தியாகத் தலையாட்டுவார்.

முடிவு ஒட்டிய அன்று சாமுவேல் மாமா கிள்ளானில் டூட்டியில் இருந்தார். அப்பாவும் நானும் போனோம். பள்ளிக்கூட வராந்தாப் பலகையில் ஒரே ஒரு தாள். மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தேன், என் பெயர் இல்லை. அப்பா வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, "உன் பேரு எங்கடா இருக்கு, காட்டு" என்றார். பொய் சொல்ல வேண்டுமென்று நான் போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், என் கை தானாகப் போய் நடுவில் ஒரு பெயரைத் தொட்டது. அப்பா அதே இடத்தில் தன் விரலை வைத்து, எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெயருக்கு அடியில் சின்னதாய் ஒரு கறை விழுந்தது.

அன்று அம்மா உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். அப்பா வீடு வீடாகப் போய்க் கற்கண்டு கொடுத்தார். கிள்ளானிலிருந்து திரும்பிய சாமுவேல் மாமா, என் முதுகில் தட்டித் தன் பேனாவையே எனக்குத் தந்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே ஒரு வாரம் போயிற்று.

சேர்க்கப் போன அன்று காலில் புதுச் 'சப்பாத்து'. ஆபீஸ் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், தாளில் மேலும் கீழும் தேடிவிட்டு, "இந்தப் பேர் இதில இல்லையே. தம்பியை வடிவாக் கேட்டுப் பாரும்" என்றார். அப்பா என்னைக் கேட்கவில்லை. "சரிங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பலகைக்கு முன் நின்றார். தோளில் கிடந்த துண்டின் நுனியால், யாரோ வீட்டுப் பிள்ளையின் பெயருக்கடியில் இருந்த அந்தக் கறையைத் துடைத்தார். அது போகாமல் இன்னும் கொஞ்சம் பரவியது.

திரும்பி நடக்கும்போது சப்பாத்து கடித்து நான் நொண்டினேன். கழற்றச் சொல்லி, தானே கையில் வாங்கிக்கொண்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குவாட்டர்ஸ் தெரிந்ததும், "நான் என்ன சொன்னாலும் நீ வாயத் தொறக்காத" என்றார்.

வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். "அங்க விட்டா பாதிரிமாருங்க புள்ளைய அவங்க வேதத்துல சேத்துருவாங்களாம். வேணாம்னு வந்துட்டேன்" என்றார் அப்பா. அம்மா தட்டை அப்படியே கீழே வைத்தாள். "பெத்த புள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே." சத்தம் கேட்டு வந்த சாமுவேல் மாமாவின் முகம் செத்துப்போயிற்று. "அண்ணே, ரெண்டு வருஷம் உங்க புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரு நாளாவது ஜெபம் பண்ணச் சொன்னேனா?" என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மறு வருஷம் நானும் யார்டில் சேர்ந்தேன். சோறு போடும்போது என் நகக்கண்ணைப் பார்ப்பாள் அம்மா, பிறகு அப்பாவைப் பார்ப்பாள். அப்பா குனிந்து சாப்பிடுவார். எத்தனை நாள் சாப்பாடு அப்படி! ஒரு நாளாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஜப்பான்காரன் வந்து, சயாமுக்கு ரயில் பாதை போட அப்பாவைக் கொண்டுபோனான். அவர் திரும்பவில்லை. சண்டை ஓய்ந்ததும் சாமுவேல் மாமாவும் குடும்பத்தோடு கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். கடைசிக் காலத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா மட்டும் விட்டிருந்தா இந்தக் கை பேனா புடிச்சிருக்கும்" என்றாள். நான் "ஆமாம்மா" என்றேன்.

யார்டு இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள். போன மாதம் பேரன் அங்கே ரயிலேற்றக் கூட்டிப்போனான். நின்று மோந்து பார்த்தேன், எண்ணெய் வாசம் இல்லை, யாரோ பூசிய சென்ட் வாசம்தான். உண்மையைச் சொல்ல வேண்டிய அம்மாவும் சாமுவேல் மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அப்பா சொன்ன எத்தனையோ சொல்லை நான் கேட்டதில்லை. வாயைத் திறக்காதே என்றாரே, அதை மட்டும் கடைசிவரை கேட்டேன்.