பூட்டுப் போட்ட தண்ணீர்

எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து இரண்டு மணித்தியாலத்தில் செத்தது. ‘செத்தது’ என்று எழுதினால் மனைவிக்குப் பிடிக்காது. ‘இறைவனில் இளைப்பாறியது’ என்று எழுதச் சொல்வாள். எனக்கு அப்படி எழுத வராது.

நடந்து ஏழு வருடம். பாரிஸ் லா சப்பலில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். கடைக்கார அண்ணை இன்றைக்கும் “கடவுள் இன்னொண்டு தருவார்” என்று சொல்லிக் கறிவேப்பிலையைச் சும்மா பையில் போடுவார். கடையைத் தாண்டியதும் அதை எடுத்து எறிந்துவிடுவேன். கறிவேப்பிலை என்ன பிழை செய்தது என்று தெரியாது. எறிவேன்.

நான் சைவக்காரன். மனைவி வேதக்காரி. ரூ பஜோல் தெருவில் தேர் வரும் நாளில் நான் தேங்காய் உடைப்பேன், அவள் ஜன்னலில் நின்று பார்ப்பாள். அதில் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

பிள்ளை பிறந்த அன்று காலை அவளை மயக்கி வயிற்றை அறுப்பதற்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை தப்பாது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்தாள்.

“பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கவேணும். பங்குச் சுவாமி வர நேரமிருக்காது. நீங்கள் குடுங்கோ.”

“நான் சைவமெல்லோ.”

“அவசரத்துக்கு ஆரும் குடுக்கலாம். தலையில மூண்டு தரம் தண்ணி ஊத்தவேணும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான்.”

மூன்று தரம் சொல்லிக் காட்டினாள். நானும் திருப்பிச் சொன்னேன்.

பிறகு தாதி பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் தந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் வைத்தாள். பிள்ளை ஒரு கோழிக்குஞ்சின் பாரம்கூட இல்லை. நான் விரலைத் தண்ணீரில் தோய்த்தேன். தோய்த்து, பிள்ளையின் வாயில் வைத்தேன். அப்பா சாகும்போது அப்படித்தான் செய்தேன். எங்கள் ஆட்கள் சாகிறவர்களுக்கு வாயில்தான் விடுவார்கள், தலையில் இல்லை. கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. சொல்லித் தந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. பிறகு நேரம் முடிந்துவிட்டது.

மயக்கம் தெளிந்ததும் கேட்டாள். “குடுத்தீங்களோ?”

“ஓம்” என்றேன்.

அழவில்லை, கத்தவில்லை. அடுத்த கிழமை வேலைக்குப் போய் உணவகத்தில் சட்டி கழுவினேன். அவள் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்று அவனுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். ஆறு வருடம் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது.

போன வருடம் அவளுடைய தம்பி தன் மகளின் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டான். அவன் வேல்ஸில் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டி இருக்கிறான். சுற்றிவர ஆடுகள், நடுவில் ஒரு சின்னக் கோயில். கதவுக்குப் பக்கத்தில் ஞானஸ்நானத் தொட்டி. ஒரே கல்லில் குடைந்தது, எண்ணூறு வருடப் பழசாம். விளிம்பு தேய்ந்து, ஒரு பக்கம் உடைந்து இருந்தது.

“அத்தான், அரிசி இடிக்கப் போறியளோ? உரலைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்” என்றான் தம்பி.

“உலக்கை எங்கை?” என்றேன்.

“வாயை மூடுங்கோ ரெண்டு பேரும், கோயிலுக்குள்ள” என்றாள் மனைவி.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவி விளிம்பைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள். கல்லுக்குள் துருப்பிடித்த இரண்டு இரும்புத் துண்டுகள் இருந்தன. தம்பி தமிழில் சொன்னான்: “முந்தி மூடி போட்டுப் பூட்டி வைக்கிறவையாம். சனம் மந்திரிச்ச தண்ணியைக் களவெடுக்குமாம். வருத்தக்காரப் பிள்ளையளுக்குக் குடுக்க.”

“தண்ணிக்கும் பூட்டோ?” என்றேன். எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவை உருப்படியான கோபம். எவனோ தன் பிள்ளைக்காக அந்தப் பூட்டை உடைத்திருக்கிறான். அன்றைக்கு என் பக்கத்தில் ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் இருந்தது. மூடிகூட இல்லை.

குழந்தையின் தலையில் மூன்று தரம் ஊற்றினார்கள். அது கத்தியது. எல்லோரும் படம் எடுக்கப் போன பிறகு மனைவி தொட்டிக்குள் கையை விட்டாள்.

“இப்பிடித்தானே ஊத்தினீங்கள்? தலையில?”

“ஓம்” என்றேன். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, இரண்டாம் தடவை.

பாரிசுக்குத் திரும்பிக் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு லா சப்பலுக்கு நடந்தோம். பாலத்தில் அவளை நிறுத்திச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“நான் தலையில ஊத்தேல்லை. ஒண்டும் சொல்லவுமில்லை. வாயிலதான் வைச்சனான். உமக்குப் பொய் சொன்னனான்.”

பெட்டியை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எட்டு நாள் பேசவில்லை. சோறு மட்டும் மேசையில் இருக்கும். அதற்கு அடுத்து வந்த ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்.

“சுவாமியிட்டைக் கேட்டனான். பரவாயில்லையாம். ஆண்டவருக்கு எங்கட மனசு தெரியுமாம்.”

“அப்ப சரிதானே.”

“அது சுவாமிக்குச் சரி. எனக்குச் சரியில்லை. ஆறு வருசம் என்னை விசரியாக்கிப்போட்டியள்.”

அவள் குசினிக்குள் போனாள். வெங்காயம் வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“பிள்ளை குடிச்சவனோ?”

“ஓம். நாக்கை நீட்டினவன்.”

“எத்தினை தரம்?”

“ரெண்டு தரம்.”

பிறகு திரும்பவும் வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். நான் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.