பேர் வெட்டிய குழல்

செல்லூர்ப் பட்டறைகளில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவதென்றால் சீனியம்மாள்தான். உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினால் எழுத்து முத்து முத்தாக விழும். ஊர்ப் பெண்களின் சீர்ப் பாத்திரத்திலெல்லாம் பேர் வெட்டியவளுக்குத் தன் பேரை வெட்ட ஒரு சொம்புகூட அமையவில்லை. உலகச் சண்டைக் காலம். பித்தளையெல்லாம் தோட்டா செய்யப் போய்விட, கண்ணிலேயே படவில்லை.

அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வெள்ளைத்துரை, கோரிப்பாளையத்துப் பேண்டு செட்டில் பெரிய குழல் ஊதுகிறவன். குழல் செட்டுக்காரருடையது. வாடகை போக அவனுக்கு மிஞ்சியது மூச்சிரைப்புதான். அவன் தாய் சுந்தரம்மாளோ, "சீர்ல அண்டா வந்தாத்தேன் கல்யாணம்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

அண்டாவுக்காக அப்பா முத்திருளன் அலையாத இடமில்லை. கடைசியில் ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"தாயி, அண்டாவுக்கு ஆச்சு! உருக்கித் தகடா அடிச்சுப்புடுவேன். உலையை மூட்டு!"

மூட்டையைப் பிரித்தால், நசுங்கிப்போன பேண்டுக் குழல்! வெள்ளைத்துரை ஊதுகிறதைப் போன்ற பெரிய குழல்தான். அங்கங்கே ஓட்டை, வளைவெல்லாம் ஒடுக்கு. ஆனாலும் வாயில் வைத்து முழுமூச்சாக ஊதினாள். எருமை கத்தியதுபோல் ஒரு சத்தம். பக்கத்து வீட்டுத் தறிகூட நின்றுவிட்டது.

"அப்பா, இதுக்கு உசுரு இருக்கு! ஒடுக்கெடுத்தா அவுகளுக்குச் சொந்தக் குழல் ஆயிரும்."

"எங்கிட்டு ஊதுவாரு? கல்யாணம் நின்னுபோன வீட்டு வாசல்லயா? உலையை மூட்டு தாயி!"

அவர் சொன்னதும் நியாயந்தான். உலை மூட்டினாள். அது சிவந்ததும், குழலைத் துண்டுபோடப் பெரிய கத்திரி வாங்கிவர அவர் அடுத்த பட்டறைக்குப் போனார். திரும்பி வருவதற்குள் அவள் உளியை எடுத்து, குழலின் விளிம்பில் 'சீனியம்மாள்' என்று வெட்டியே விட்டாள்.

முத்திருளன் கத்திரியைக் கீழே போட்டார். சீருக்கென்று பேர் வெட்டியதை, அந்தப் பெண் உயிரோடிருக்கும்வரை உலையில் போடக்கூடாது என்பது பட்டறைக்காரர்களின் கட்டுப்பாடு.

"அடிப் பாதகத்தி, குடியைக் கெடுத்தியே!"

வாய் ஓயும்வரை திட்டினார். பிறகு அவரே மரச்சுத்தியலை எடுத்து ஒடுக்கெடுக்க உட்கார்ந்தார். ஓட்டைகளுக்கு ஈயப் பற்று வைத்ததும் அவர்தான்.

சீர் போன அன்று சுந்தரம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று தட்டுகளை எட்டிப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

"அண்டா எங்க அண்ணே?"

முத்திருளன் குழல் இருந்த தட்டை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார்.

வெள்ளைத்துரையோ குழலைப் பார்த்தான், பேரைப் படித்தான். "எனக்கா? எனக்கே எனக்கா?" என்று வாரி எடுத்து ஊதினான். தெருவே அதிர்ந்தது! ஜட்கா குதிரைகள் மிரண்டன. சந்தோஷம் தாங்காமல் கண்ணீர் வழிய வழிய ஊதினான்.

செட்டுக்காரர் தன் குழலை யார் வீட்டுக்கும் கொடுத்தனுப்பியதில்லை. தாலியறுத்தவள் என்று சுந்தரம்மாள் எந்தக் கல்யாண ஊர்வலத்துப் பக்கமும் போனதில்லை. மகன் ஊதி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

அவள் கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

"அண்டா கெடக்கட்டும் அண்ணே. இன்னொருக்கா ஊதச் சொல்லுங்க."