பலகையில் கட்டமில்லாத வேலை

ஒரு வேலையைப் பலகையில் ஏற்றும் முன், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று கூடவே நடந்து பார்த்து வரைய வேண்டும். எங்கள் தொழிற்சாலையின் நடைமுறைக் கையேட்டில் இந்த விதி இருந்தது. எழுதியவன் நான் என்பதால் நான் மட்டும் அதைப் படித்திருந்தேன்.

ஓசூரில், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். புதிதாக வந்த மேலாளர் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று கட்டங்கள். அவரவர் வேலைக்கு வண்ணச் சீட்டுகள். வேலை போகும் வழியை முதலில் வரைந்துகொள்ளலாம் என்றேன். வாடிக்கையாளர் திங்கட்கிழமை வருகிறார், படம் போட நேரமில்லை என்றார்.

எங்கள் பாகங்கள் முலாம் பூச, கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் ஒரு பட்டறைக்குப் போகும். அனுப்பினால் தானாகத் திரும்பாது, கேட்டால்தான் வரும். கேட்பவள் தளியிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. தினமும் போனில் பட்டறைக்காரரின் மாமியார் உடம்பு வரைக்கும் கன்னடத்தில் விசாரித்துவிட்டு, கடைசியில் எங்கள் பெட்டிகளைக் கேட்பாள். அந்த விசாரிப்புக்குப் பலகையில் கட்டம் இல்லை.

பணி நிரந்தரத்துக்கு அவள் பெயர் போயிருந்த நேரம். மேலாளர் பலகை முன் நின்று கேட்டார்: "ஏம்மா, உன் பேர்ல ஒரு சீட்டுகூட இல்லியே. நாள் பூரா போன்ல என்னதான் பண்றே?"

"என் வேலைய அதுல ஒட்டணும்னா என் வாயத்தான் சார் ஒட்டணும்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அவளைத் திரும்ப எடுக்கும்படி தலைமை அலுவலகத்துக்கு முறைப்படி எழுதினேன். முறைப்படி காத்திருந்தேன். மேலாளரின் அறை என் மேசையிலிருந்து கூப்பிடு தூரம்தான். போய்ச் சண்டை போட்டிருக்கலாம். கையேட்டில் அதற்கு வழி இல்லை.

பெட்டிகள் பட்டறையிலேயே தங்கின. மேலாளர் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினார். பலகையில் சீட்டுகள் எல்லாம் 'நடக்கிறது' கட்டத்தில் குவிந்து, எதுவும் நடக்காமல் நின்றன.

எழுதியிருக்கிறேன், கொஞ்சம் பொறும்மா என்று அவளுக்குப் போன் செய்தேன்.

"பொறுக்கறேன் சார். எத்தினி நாளைக்கு?"

கொஞ்ச நாளில் அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில், மறுபடி ஒப்பந்தத்தில், கடைசி ஆளாகச் சேர்ந்துவிட்டாள். அங்கே முன்பணம் வாங்கியிருந்ததால் உடனே விட்டு வரவும் முடியாது.

வேலையின் வழியை வரைந்து அனுப்பவும், அந்தப் பெண்ணை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளவும் என்று தலைமை அலுவலகம் பதில் எழுதியது. அவள் சேர்ந்தது உகாதிக்கு முந்தைய வாரம். பதில் வந்தது உகாதிக்கு மறுநாள்.