யூபிஎஸ்ஸில் செருகிய ஆம்ப்ளிஃபையர்

"இன்னா பாப்பா, டப்பாவுக்கெல்லாம் ஜெபமா?"

நம் சபையில் கீபோர்டு வாசிக்கும் டேனியல் பிரதர் கேட்டது இது. அந்த டப்பாவைக் கெடுத்ததும் அவர்தான். அதனால் இந்தச் சாட்சியைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆண்டவருக்கு என் கோபம் தெரியும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். தண்டலத்தில் கல்லூரி முடித்து, பிள்ளைப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். எல்லாம் ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்று பழுதானால் மற்றதில் நகல். கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ்.

இது 2012, மின்வெட்டு ஆட்டிவைக்கிற வருடம். எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். மைக் நிற்கக் கூடாதென்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஆம்ப்ளிஃபையரை என் யூபிஎஸ்ஸில் செருகினார் பிரதர். இரண்டாவது பாட்டுப் பாடும்போது கரண்ட் போனது. பாரம் தாங்காமல் யூபிஎஸ் அலறி அணைந்தது. ஒரு கல்யாண வீடியோவைச் சேமித்துக்கொண்டிருந்த பெட்டி பாதியில் நின்றது. கரண்ட் வந்த பிறகு பெட்டியில் ஒன்றுமே தெரியவில்லை.

அதில் செல்வியின் கல்யாணம் இருந்தது. பக்கத்து அறையில் குடியிருக்கும் தென்காசிப் பெண். இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில் லைன் வேலை. அவளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் அழைத்து வந்த அவள் அப்பா அடுத்த மாதமே இறந்துவிட்டார்.

"எங்கப்பா சத்தம் அதுல மட்டுந்தாம்க்கா இருக்கு" என்றாள்.

"கர்த்தரோட காரியத்துக்குத்தான பாப்பா எட்த்தேன்" என்றார் பிரதர்.

"கர்த்தர் வந்து பிளக் பாயின்ட் கேட்டாரா பிரதர்?"

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

ஒரு டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஃபார்மட் செய்யவா என்று திரை கேட்டது. இருந்த ஆத்திரத்தில் சரியென்று அழுத்தியிருப்பேன். ஆனால் அதற்குமுன் ஆண்டவரிடம் சண்டை போட வேண்டியிருந்தது. அங்கேயே முழங்காலிட்டேன். டப்பாவுக்கெல்லாம் ஜெபமா என்று பிரதர் கேட்டது அப்போதுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "உம்முடைய பாட்டுக்குத்தான் இது போனது. செல்விக்கு நீரே பதில் சொல்லும்." அழுதேன்.

எழுந்தபோது ஆத்திரம் அடங்கியிருந்தது. திரையைத் திரும்பப் படித்தேன். டிஸ்க் காலியாகவில்லை, அதைப் படிக்க என் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஃபார்மட் செய்திருந்தால் அந்த டிஸ்க்கை நானே அழித்திருப்பேன். வேண்டாம் என்று அழுத்தினேன். டிஸ்க்கைப் பெட்டிக்குள் திரும்பப் பொருத்தி, பெட்டியிலேயே இருக்கும் சரிபார்ப்பை ஓடவிட்டேன். மறுநாள் காலை எல்லாம் வந்திருந்தது. பாதியில் நின்ற ஒரு வீடியோ மட்டும் போனது. செல்வியின் அப்பா நடந்தார், சிரித்தார், "மெதுவா வா தாயி" என்றார்.

என் கையை நிறுத்தியவர் ஆண்டவரே. கோபமாக இருந்தாலும் அவரிடம் கேளுங்கள். முகம் திருப்ப மாட்டார். அடுத்தவர் பிளக்கில் கை வைக்குமுன் அந்த வீட்டாரையும் கேளுங்கள்.

இப்போது பெட்டிக்கென்று தனி யூபிஎஸ்; பேட்டரி இறங்கினால் பெட்டி தானாக ஒழுங்காக அணையும்படி கேபிளும் இணைத்துவிட்டேன். இன்னொரு நகல் செல்வியின் அறையில் இருக்கிறது. அடுத்த ஜெபக்கூட்டத்தையும் எங்கள் வீட்டுக்கே கேட்டு வாங்கியிருக்கிறேன். பிரதருக்கு நானே போன் செய்தேன்.

"ஆம்ப்ளிஃபையரோட பேட்டரியும் தூக்கிக்கினு வாங்க பிரதர்."