கூரையைத் திறக்கச் சொன்னவள்

தங்கச்சி மல்லுக்கட்டி வாங்கியவை இவை: இரண்டாம் முறை எழுதித் தேறிய பத்தாம் வகுப்பு, மதிய உணவு நேரத்தில் தானே பழகிக்கொண்ட கம்ப்யூட்டர், ஒரு தனியார் மருத்துவமனையில் வருஷா வருஷம் புதுப்பிக்கிற எழுத்தர் வேலை, புருஷன் செத்த மாதமே அந்த வேலைக்குத் திரும்பிய துணிச்சல். கடைசியானதைத் துணிச்சல் என்பது அக்கா மட்டும்தான். தங்கச்சியைக் கேட்டால், "வீட்ல உக்காந்து என்ன பண்றது?" என்பாள்.

அக்காவுக்கும் அதே மருத்துவமனையில்தான் வேலை. சலவைப் பிரிவில் துணி மடிப்பது. தங்கச்சி இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறாள். உப்பில்லாவிட்டாலும் கேட்பதில்லை. அவள் ஒருநாள் வாய்விட்டு அழுவாள் என்று அக்கா காத்திருந்தாள்.

அந்த வருஷம் புது டயாலிசிஸ் வார்டு கட்டினார்கள். பொறுப்பு கட்டட மேலாளருக்கு. எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார், அதனால் அவருக்கு 'நாளைக்கு சார்' என்றே பெயர். அவர் முதுகுவலி என்று லீவில் போகும்போது, "எல்லாருக்கும் போன் பண்றது நீதானே, நீயே பாத்துக்கோம்மா" என்று தங்கச்சி தலையில் கட்டிவிட்டுப் போனார்.

தொடக்கத்தில் அவளும் எல்லோரையும் போல "எப்ப முடியும்?" என்றுதான் கேட்டாள். "முடிஞ்ச மாதிரிதான்" என்றார்கள். நம்பினாள். பெயின்டர் பூசி முடித்த சுவரை மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்து உடைத்தார். பெயின்டர் அவரைத் திட்ட, அவர் இவளைத் திட்ட, இவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு கேள்வியை மாற்றினாள். தினமும் காலையில் எல்லோரும் அந்த வார்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். நாற்காலி இன்னும் வரவில்லை, அதனால் பேச்சும் நீளாது. ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டது ஒன்றுதான்: "நீங்க கைய வைக்கறதுக்கு முன்னாடி யாரு கைய எடுக்கணும்?" பதிலை அந்த ஆளின் முகத்துக்கு நேராகவே சொல்ல வேண்டும். கட்டிலுக்குத் திரை மாட்டுவது சலவைப் பிரிவின் வேலை என்பதால் அக்காவும் வரிசையில் நின்றாள்.

"சீலிங் அண்ணன் எடுக்கணும். தூசி அடங்கினாத்தான் என் திரை."

"என்ன விட உங்க துணிக்கு ரோஷம் ஜாஸ்திக்கா" என்றார் சீலிங்காரர். எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி அடுத்த ஆளைப் பார்த்தாள்.

வேலை ஒழுங்காக ஓடியது. திறப்பு விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கெட்டது. சீலிங்காரருக்கு வேறு இடத்தில் வேலை காத்திருந்தது. உபகாரம் செய்வதாக நினைத்து, யாரும் இல்லாதபோது வந்து பொய்க்கூரைப் பலகைகளை மாட்டி மூடிவிட்டுப் போய்விட்டார். மேலே ஓடும் தண்ணீர்ப் பைப்பில் அழுத்தம் ஏற்றி ஒழுகுகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வந்த தங்கச்சி, மூடியிருந்த கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் போட்ட பைப் ஒழுகினா மீசைய எடுத்துடறேன்மா" என்றார் பைப்காரர்.

"மீசை மேல ஒழுகாதுண்ணே. மிஷின் மேல ஒழுகும். அது பக்கத்துல ஒரு ஆளு படுத்திருப்பாரு. கூரையத் திறங்க."

திறந்து, பார்த்து, மறுபடி மூட விழா தள்ளிப்போகும். அழைப்பிதழ் எல்லாம் போயாகிவிட்டது. லீவு முடிந்து வந்த நாளைக்கு சார் அவளைக் கூப்பிட்டார். திரையோடு வாசலில் நின்ற அக்காவுக்கும் கேட்டது.

"மூடினது மூடினதா இருக்கட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு ஆளு படுத்துருவாங்க சார்."

"உன் வேலைய இந்த மாசம் நான்தான் எழுதி நீட்டணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"தள்ளிப்போடற கடிதத்துல என் கையெழுத்து விழாது. வேணும்னா நீ போட்டுக்கோ."

அதுவரை அவள் அடித்த கடிதங்களின் அடியில் எல்லாம் அவர் பெயர்தான் இருக்கும். தங்கச்சி அந்தப் பெயரை அழித்தாள். அதே இடத்தில் தன் பெயரை அடித்து, அச்செடுத்து, பெயருக்கு மேலே கையெழுத்தைப் போட்டாள்.

கூரையைத் திறந்தார்கள். அழுத்தம் ஏற்றியதும், சரியாக ஒரு மிஷினுக்கு மேலே, ஒரு பைப் இணைப்பு கசிந்தது. பைப்காரர் மறுநாள் மீசை இல்லாமல் வந்தார். அன்றைக்கும் தங்கச்சி சிரிக்கவில்லை. அவள் வேலையை ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதம் மட்டும் நீட்டினார்கள்.

கடிதம் போட்ட அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா கேட்டாள்: "கை நடுங்கலையாடி?"

"எதுக்கு நடுங்கணும்?" கேஸை அணைத்தாயா என்று கேட்கிற அதே குரல்.

அவள் இன்னும் அழவில்லை. அக்கா இப்போது அதற்காகக் காத்திருப்பதும் இல்லை. அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, நான்கு மூலையும் சரியாகச் சேரும்படி மடித்து வைத்திருக்கிறாள். தங்கச்சி முதன்முதலாக ஆபீஸ் கடிதத்தில் தன் பெயரில் கையெழுத்திட்ட நாள் அதில் இருக்கிறது: 2015 மார்ச் 16, திங்கட்கிழமை.