பதினோரு மாத இரைச்சல்

ஐந்து வயதில் வந்த காய்ச்சல் இடது காதைக் கொண்டுபோன பிறகும், தம்பி ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றும், சர்க்யூட் படம் வாசிக்கத் தானே கற்றான். மனைவி பிரிந்துபோன வருடம், குடிப்பக்கம் எட்டிப் பார்க்காமல், பழைய காலக் கண்ணாடி வால்வுகள் வைத்த ஓர் ஆம்ப்ளிஃபயரைச் சொந்தமாகக் கட்டி முடித்தான். ஸ்பீக்கர் ஒன்றுதான். "ஒத்தைக் காதுக்கு ரெண்டு எதுக்குக்கா?" என்பான், வெளியூரில் இருக்கும் அக்காவிடம் போனில்.

பாட்டு வந்தது. கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. எர்த் கம்பிகளையெல்லாம் ஒரே முனையில் சேர்த்தான். வால்வுகளை ஒவ்வொன்றாக உருவினான். அத்தனையும் உருவிய பிறகும் அது நிற்கவில்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இன்னொன்றைத் தொந்தரவு செய்கிறதோ என்று திருப்பிவைத்தான். ம்ஹூம். பதினோரு மாதம் போனது.

நான்கு வருடமாக அந்தப் பக்கமே வராத அக்கா, வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். அவளுக்குப் பாம்புச் செவி. அதற்குள் இரைச்சல் ஒழியாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவதென்று முடிவுகட்டினான். கேட்கச் சொல்ல அவனுக்கு வேறு ஆளில்லை.

சனிக்கிழமை, அவள் உட்கார இடம்பண்ண ஸ்பீக்கரை மூலைக்குத் தள்ளினான். எப்போதும் அதன் தலைமேல் இருக்கும் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிலுக்கு மாற்றினான். நீள ஒயரில் இணைத்து, பாட்டுப் போடாமலே ஸ்பீக்கரில் காதை வைத்தான். சத்தமே இல்லை. கட்டில் பக்கம் குனிந்தான். ம்ம்ம்.

ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள்தான் அதிர்ந்திருக்கின்றன. ஸ்பீக்கரின் மரக்கூடு அதை வாங்கிப் பெரிதாக்கியிருக்கிறது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் வரும் திசை பிடிபடாது. இரண்டு காதுள்ள யாராவது ஒரு நிமிடம் அந்த அறைக்குள் வந்திருந்தால் போதும். யாரும் வந்ததில்லை.

போல்ட்டுகளை இறுக்கி, அடியில் ரப்பர் வைத்தான். போன் போட்டான்.

"அக்கா, ஸ்பீக்கர் வாயே திறக்கல!"

"அய்யய்யோ, கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா, சனியன் ஒழிஞ்சுது!"

அவள் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "டேய், உங்க மாமாவுக்குக் காய்ச்சல் விடல. நாளைக்கு வர முடியாதுடா."

"அதனால என்னக்கா."

"பாட்டைப் போட்டு, போனை அதுகிட்ட வை. நான் கேக்குறேன்."

பாட்டு முடியும்வரை போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்திருந்தான். "பாட்டுதான்டா கேக்குது. வேற ஒண்ணுமே இல்ல. அதுல உன் பேரை எழுது," என்றாள்.

கடையில் அவன் சரிசெய்த ரேடியோக்கள் எல்லாம் முதலாளி பெயர் போட்ட சீட்டோடுதான் வெளியே போயின. அக்காவுக்கென்று துடைத்துவைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்தான். ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி, உள்பக்கத்தில் ஆணியால் கீறிக் கையெழுத்துப் போட்டான். தன் கையால் செய்த ஒன்றில் அவன் போட்ட முதல் கையெழுத்து: 2009 மார்ச் 14, சனிக்கிழமை.