இத்தாலியிலிருந்து வந்த மணப்பெண்

காப்பித் தோட்டத்தை விட்டு ஜெர்மானியரோடு சண்டை போட இத்தாலிக்குக் கப்பலேறும் வரை, பிரேசில்காரன் ஜுராந்திர் பனி கொட்டிப் பார்த்ததில்லை. அவனது படை குளிர்காலம் முழுக்க ஒரு மலைக் கிராமத்தில் தங்கியது. தன் பங்குச் சாப்பாட்டில் பாதியை அடுத்த வீட்டு ஜெம்மாவுக்கும் அவள் அப்பாவுக்கும் கொடுப்பான்.

"நீ பட்டினி கிடந்தா யாருய்யா சண்டை போடறது?" என்று அவள் அதட்டுவாள்.

"அதுக்கு ஆள் இருக்கு. நீ சாப்பிடு."

போர் முடிந்து அவன் ஊர் திரும்பினான். மறு ஆண்டே ஜெம்மாவும் கப்பலில் வந்திறங்கினாள். கல்யாணத்தன்று பாதிரியார், "இவனைக் கட்டிக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். சிப்பாய்களிடம் மட்டுமே போர்த்துகீசியம் கற்றிருந்த ஜெம்மா பளிச்சென்று சொன்னாள்:

"பின்னே? இந்த எடுபட்ட பயலுக்காகத்தானே சாமி கடல் தாண்டி வந்தேன்!"

மாதாகோயிலே குலுங்கிச் சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் ஜுராந்திர்தான்.